வால் முளைத்த பிளஷர்கள்! - அமெரிக்கத் துடுப்பு நம்ம ஊர் தொழுவம்வரை வந்த கதை

நாஞ்சில் நாட்டில் வயதானவர்களிடம் பேசிப் பாருங்கள். ‘கார்’ என்ற சொல் அவ்வளவு எளிதில் வாயில் வராது. ‘பிளஷர்’ என்பார்கள். கல்யாண மாப்பிள்ளை வந்தது பிளஷரில். பிள்ளைத்தாய்ச்சியை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது பிளஷரில். ‘பிளஷர் கார்’ என்ற ஆங்கிலப் பெயரில் பின்பாதியைக் கழற்றிவிட்டு, முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டது நம் ஊர். லாரி சரக்குக்கு, பஸ் ஊர் சனத்துக்கு, பிளஷர் சந்தோஷத்துக்கு!

அந்தப் பெயருக்கு உலகத்திலேயே பொருத்தமான கார்கள் என்றால், 1950-களில் அமெரிக்காவில் ஓடிய ‘டெயில் ஃபின்’ கார்கள்தான். பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் மீன் துடுப்புபோல எழும்பி நிற்கும் தகடு. அதனால் பெட்ரோல் மிச்சமாகாது. டிக்கியில் ஒரு பெட்டி கூடுதலாக வைக்கவும் முடியாது. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

அந்த அழகுக்காக இன்றும் உலகம் முழுக்கப் பலர் துருப்பிடித்த கார்களைத் தேடி அலைகிறார்கள். வருடக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்க்கிறார்கள். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். பூதப்பாண்டியிலோ அழகியபாண்டியபுரத்திலோ ஏதாவது ஒரு வீட்டுத் தொழுவத்தில் சாக்கு போர்த்தி நிற்கும் தாத்தாவின் காருக்கும் அந்த அமெரிக்கத் துடுப்புக்கும் நேரடி உறவு இருக்கிறது.

விமானம் பார்த்து முளைத்த வால்

இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், தன் குழுவினரோடு லாக்ஹீட் பி-38 என்ற போர் விமானத்தைப் பார்த்தார். அதற்கு இரண்டு வால்கள். அந்த இரட்டை வால் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. போர் முடிந்து வந்த 1948 கேடிலாக் காரின் பின்பக்கத்தில் இரண்டு சின்ன மேடுகள் முளைத்தன. அதுதான் ஆரம்பம்.

பிறகு போட்டி தொடங்கியது. கிரைஸ்லர் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் விர்ஜில் எக்ஸ்னர், 1957 மாடல்களில் துடுப்பை இன்னும் உயர்த்தினார். அதே வருடத்து செவர்லே பெல் ஏர் காரில் பெட்ரோல் ஊற்றும் மூடியை இடது துடுப்பின் குரோம் பட்டைக்குள் ஒளித்து வைத்தார்கள். மூடியைக் கண்டுபிடிக்கவே தெரிந்த ஆள் வேண்டும்! 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் வானம், ராக்கெட் என்று உலகமே பேசியது. துடுப்புகளும் ராக்கெட்டைப் பார்த்து வளர்ந்தன.

உச்சம், 1959 கேடிலாக். ஒவ்வொரு துடுப்பிலும் தோட்டாபோல இரண்டிரண்டு சிவப்பு விளக்குகள். நீளம் சுமார் 5.7 மீட்டர், அகலம் 2 மீட்டருக்கும் மேல். எஞ்சின் 6.4 லிட்டர். இன்றைய ஆல்ட்டோவின் நீளம் சுமார் மூன்றரை மீட்டர் என்று நினைத்துக்கொண்டால், அந்தக் காரை நம் ஊர்த் தெருவில் திருப்புவது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரியும்.

அதன் பிறகு இறங்குமுகம். துடுப்பின் கூர்முனை பாதசாரிகளைக் குத்துகிறது என்ற புகாரை ரால்ஃப் நாடர் 1965-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதினார். அதற்குள் மக்களுக்கும் சலித்திருந்தது. 1965 கேடிலாக்கில் துடுப்பு இல்லை. முளைத்து மறைய 17 வருடங்கள்தான். ஆனால், அமெரிக்கர்களால் அதை மறக்க முடியவில்லை. 1974-ல் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ ஊருக்கு வெளியே 10 கேடிலாக் கார்களைத் தலைகீழாக மண்ணில் நட்டு வைத்தார்கள் சில கலைஞர்கள். வானத்தைப் பார்த்து நிற்கின்றன துடுப்புகள்!

இந்தியாவுக்குள் வந்த வழி

இந்தியாவில் அமெரிக்கக் கார்களுக்குப் பழைய வரலாறு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே மும்பையில் கார்களைக் கோத்து விற்கத் தொடங்கியது. உதிரிபாகங்களைக் கொண்டுவந்து கோத்தால் மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-ல் இந்திய அரசு கொள்கை வகுத்தது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கடையை மூடிவிட்டுக் கிளம்பியது. வால் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் நம் வாசல் கதவு சாத்தப்பட்டது.

அதனால் பெரிய துடுப்புக் கார்கள் இங்கே குறைவாகத்தான் வந்தன. வெளிநாட்டுத் தூதரகங்கள் பயன்படுத்திவிட்டு விற்றவை ஒரு பங்கு. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லருடன் கூட்டு சேர்ந்து கோத்த டாட்ஜ் கிங்ஸ்வே, பிளைமவுத் சவாய் கார்கள் இன்னொரு பங்கு. 1950-களின் பிற்பகுதியில் வந்த கிங்ஸ்வேக்குப் பின்பக்கம் நல்ல துடுப்பு இருக்கும். பழைய படங்களில் பங்களா போர்டிகோவில் வந்து நிற்கும் நீளமான காரை உற்றுப் பாருங்கள். இந்தக் குடும்பத்துக் காராகவே இருக்கக்கூடும்.

அமெரிக்கக் கார் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது எம்.டி.டி. 2727. காமராஜர் பயன்படுத்திய செவர்லே. அந்த கம்பெனியின் கார்களுக்குத் துடுப்பு முளைப்பதற்கு முந்தைய, உருண்டை உடம்பு மாடல். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் காமராஜரை வேறொரு விதத்திலும் நினைவில் வைத்திருக்கிறார்கள்: 1969 இடைத்தேர்தலிலும் 1971 தேர்தலிலும் நாகர்கோவில் தொகுதிதான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. சென்னையில் பல காலம் ஓடாமல் நின்ற அந்த கார், அண்மையில் சீரமைக்கப்பட்டது. ஒரு மனிதரின் எளிமையைப் பற்றிப் பேசும்போது, அவர் உட்கார்ந்து போன சீட்டையும் பிடித்த கைப்பிடியையும் காட்ட முடிவது சாதாரணம் அல்ல. பழைய காரைப் புதுப்பிப்பதில் இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

அம்பாசடருக்கும் வால் உண்டு!

கேடிலாக்கைப் பார்க்காதவர்கள்கூட அதன் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்பார்கள். 1950-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய கார் கம்பெனிகள் அமெரிக்கத் துடுப்பைப் பார்த்து, தங்கள் சின்ன கார்களிலும் சின்னதாக ஒன்றை வைத்துக்கொண்டன. இந்தியா தயாரிக்கத் தேர்ந்தெடுத்ததோ அந்தக் காலத்து ஐரோப்பிய மாடல்களைத்தான்.

அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 மாடல் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-தான் அதன் மூலம். டெயில் லைட்டுக்கு மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்தால், தகடு மெல்லிய முதுகெலும்புபோல எழும்பி நிற்பது தெரியும். 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. அமெரிக்கா 1965-ல் மறந்ததை நாம் 2014 வரை செய்துகொண்டிருந்தோம்!

பிரீமியர் பத்மினி இன்னும் தெளிவு. இத்தாலியின் ஃபியட் 1100-தான் இங்கே முதலில் ‘ஃபியட்’ என்றும், 1970-களில் ‘பத்மினி’ என்றும் ஓடியது. அதன் பின்பக்க ஓரங்களில் இருப்பது சுத்தமான துடுப்பு. மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றபோது, அங்குள்ளவர்கள் ஒரு குடும்ப உறுப்பினரை வழியனுப்புவதுபோலப் பிரிந்தார்கள்.

மூன்றாவது, சென்னைக்காரர். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் மதராஸில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்கும் பின்னால் அழகான கூர்துடுப்பு.

ஆக, அந்தக் காலத்து நம் வாடகை காருக்கும் டாக்டர் காருக்கும் பண்ணையார் காருக்கும் வால் இருந்தது. கேடிலாக் வாங்க நம்மால் முடியாது. ஆனால், துடுப்புக் காரைக் காப்பாற்றும் வேலை நம் வீட்டிலேயே காத்துக்கொண்டிருக்கலாம்.

பட்டறையில் நடப்பது என்ன?

பழைய காரைப் புதுப்பிப்பது என்றால் பெயின்ட் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெயின்ட் கடைசிக்கு முந்தைய வேலை. முதலில் காரைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு போல்ட்டையும் எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதி, படம் பிடித்து, தனித்தனிப் பையில் போட வேண்டும். இந்த வேலையில் சோம்பல்பட்டவர்களின் கார்கள்தான் பாதியில் நின்று, மூட்டை மூட்டையாகக் காயலான் கடைக்குப் போகின்றன.

அடுத்து துரு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கடல் காற்று வேறு. துரு மேலிருந்து வருவதில்லை, அடியிலிருந்து வரும். தரைத் தகடு, கதவுக்குக் கீழே உள்ள பட்டை, பின் சக்கரத்துக்கு மேல்வளைவு. துடுப்பும் அப்படித்தான். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே வெறும் கூடு. சக்கரம் வாரி இறைக்கும் சேறு அங்கே போய்த் தங்கி, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு தகடு போயிருக்கும்.

இங்கேதான் டிங்கர் வருகிறார். செல்லரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அதே வளைவில் தட்டி உருவாக்கி, வெல்டு வைத்து, உள்ளே இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே சுத்தியலால் தட்டித் தட்டிச் சமன் செய்கிறார். துடுப்பில் இது இரட்டிப்புச் சோதனை. இடது துடுப்பும் வலது துடுப்பும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அட்டையில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, மறுபக்கம் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கொஞ்சம் பிசகினாலும், பத்தடி தூரத்தில் நிற்கும் குழந்தைகூட ‘கார் கோணலா இருக்கு’ என்று சொல்லிவிடும். அவசரக்காரர்கள் பள்ளத்தில் பட்டியை அப்பி மறைத்துவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு பாளம் பாளமாக விழும்.

பம்பருக்கும் பட்டைகளுக்கும் குரோம் முலாம் போட வேண்டும். நல்ல முலாம் என்றால் முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியாகக் குரோம். குஷன் வேலைக்குத் தனி ஆள். கிடைக்காத பாகத்தைப் பழசைப் பார்த்து லேத் பட்டறையில் கடைந்து தர இன்னொருவர். அமெரிக்கக் கார்களுக்கான பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கும் கம்பெனிகள் அமெரிக்காவில் உண்டு. ஆனால் விலை, கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் கூட்டினால் தலை சுற்றும். அதனால் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தொடங்கி, ஊர் லேத் பட்டறைவரை அலைவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதி.

தேர் சொல்லும் பாடம்

பூதப்பாண்டிக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பூதலிங்க சுவாமி கோயில் தைத் திருவிழாவில் தேர் ஓடுகிறது. வருடத்தில் ஒரு நாள் ஓடுவதற்கு வருடம் முழுக்க அது பாதுகாக்கப்பட வேண்டும். அச்சு, சக்கரம், வடம், மரச் சிற்பம் என ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஆள் வேண்டும். சிற்பமும் அலங்காரத் துணியும் இல்லாவிட்டாலும் தேர் உருளும். ஆனால் அப்படி ஒரு தேரைப் பார்க்க யார் வருவார்கள்?

பழைய காருக்கும் அதே கணக்குதான். காசு இருந்தால் காரை வாங்கலாம். தட்டத் தெரிந்த கை இல்லாவிட்டால் அது நகராது. இன்றைய ஒர்க்‌ஷாப்பில் கதவு நசுங்கினால் புதுக் கதவு மாட்டுகிறார்கள். தட்டி எடுக்க நேரமும் இல்லை, ஆளும் குறைவு. கார்புரேட்டரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கார்கள் அழிவதைவிட வேகமாக அழிவது இந்த வித்தை.

இந்த வித்தையின் மதிப்பை உலகுக்குக் காட்டிய நாடு கியூபா. 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவுடன் பகை. வர்த்தகத் தடை. புதுக் காரும் வரவில்லை, பாகமும் வரவில்லை. இருந்த துடுப்புக் கார்களுக்கு ரஷ்ய எஞ்சின், கிடைத்த டீசல் எஞ்சின், கையால் செய்த பாகம் என மாட்டி ஓட்டினார்கள். ஹவானா நகரில் இன்றும் அவை வாடகை காராக ஓடுகின்றன. அமெரிக்காவில் மியூசியத்தில் நிற்பது, கியூபாவில் கூலிக்கு ஓடுகிறது. காரணம், மெக்கானிக்குகள்.

தொழுவத்தில் கார் நிற்கிறதா?

வீட்டில் பழைய அம்பாசடரோ ஃபியட்டோ ஹெரால்டோ நின்றால், இவற்றைக் கவனியுங்கள்.

• ஆசையில் உடனே சாவியைத் திருகாதீர்கள். வருடக்கணக்கில் ஓடாத எஞ்சினில் பிஸ்டன் இறுகியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

• டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பேட்டரி மாட்டாதீர்கள்.

• எஞ்சினுக்கு முன்னால் பிரேக். அந்தக் காலத்து பிரேக்கில் உள்ள ரப்பர் பாகங்கள் காய்ந்து போயிருக்கும். ஓடாத காரால் ஆபத்தில்லை. நிற்காத காரால் ஆபத்து.

• இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் வாஷர்களையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோல் விட்டு வைக்காதீர்கள்.

• பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தாதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துத் துருவை வளர்க்கும். பருத்தித் துணி நல்லது. மேலே கூரை, சுற்றிலும் காற்றோட்டம் வேண்டும்.

• பெயர்ப் பட்டை, விளக்குக் கண்ணாடி, கைப்பிடி எதையும் தூக்கிப் போடாதீர்கள். உடைந்திருந்தாலும் அதைப் பார்த்துத்தான் புதிது செய்ய முடியும்.

• ஆர்.சி. புக்கைத் தேடுங்கள். அதில் இருக்கும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் காரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் கலந்து பேசி ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காகிதம் இல்லாத கார் வீட்டு அலங்காரப் பொருள் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். முக்கியமான நிபந்தனை, வாகனம் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிய பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இருக்கும். ஏற்கெனவே பதிவான வாகனம் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. விண்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால், தினமும் காய்கறி வாங்க அதில் போக முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினசரி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் சாதாரண வழியில் போவதே பொருத்தம். எது உங்களுக்குச் சரி என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு முடிவெடுங்கள்.

எங்கே பார்க்கலாம்?

ஆர்வம் வந்துவிட்டதா? கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி தடத்தில் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் குடும்பம் சேர்த்த பல நாட்டுக் கார்களை அங்கே பார்க்கலாம். சென்னை வடபழனியில் ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023-ல் திறக்கப்பட்ட ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியத்தில், எம்.எஸ்.குகன் சேகரித்த பழைய கார்களும் பைக்குகளும் சினிமா நினைவுப் பொருள்களோடு நிற்கின்றன. குழந்தைகளைக் கூட்டிப் போனால், துடுப்பு உள்ள கார்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு நாள் போவதே தெரியாது.

ஆனால், மியூசியம் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று ஊரிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய காரை ஓட்டிய டிரைவரோ, பழுது பார்த்த மெக்கானிக்கோ, தகடு தட்டிய டிங்கரோ இன்னும் அக்கம்பக்கத்தில் இருக்கக்கூடும். போய்ப் பேசுங்கள். காரை அவரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் வெல்டு வைத்தார், எந்தப் பாகத்தை மாற்றினார், குளிர் காலையில் அதை எப்படி ஸ்டார்ட் செய்வார் என்று சொல்லச் சொல்லி, உங்கள் போனிலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுப் பையன் ஒருவனையோ பெண் ஒருத்தியையோ அவர் பக்கத்தில் நிற்க வைத்துச் சுத்தியலைப் பிடிக்கச் சொல்லுங்கள். சாக்கு போர்த்திய கார் இன்னும் பத்து வருடம் அதே இடத்தில் நிற்கும். அதைத் தெரிந்த பெரியவருக்கு அவ்வளவு காலம் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.